பதினோராயிரம் இருமல்

டீக்கடையில் சுடர்க்கொடி வாயைத் திறப்பதற்குள் அவள் கழுத்துப் பட்டை முந்திக்கொண்டது. "அண்ணே, ஒரு டீ. சர்க்கரை கம்மி."

அவள் குரலேதான். அவசரத்தில் அவள் பேசும் அதே இழுப்பு. அன்றைக்கு அவளுக்குக் காப்பி குடிக்கத் தோன்றியிருந்தது. தொண்டையை ஒரு இறுக்கு இறுக்கியிருந்தால் பட்டை நிறுத்தியிருக்கும். ஆனால் ஒரு காப்பிக்காக யார் தொண்டையை இறுக்குவார்கள்? டீ வந்தது. குடித்தாள்.

கடையில் நின்ற ஏழு பேர் கழுத்திலும் பட்டை இருந்தது. ஏழு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயும் முழுசாக அசையவில்லை.

குரல்பட்டை முதலில் இவர்களுக்காக வந்ததல்ல. பெருமூளை வாதம் வந்தவர்கள், பக்கவாதத்தில் நாக்கு விழுந்தவர்கள், சொல் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டவர்கள், அவர்களுக்காக வந்தது. தொண்டைத் தசையின் அசைவைப் பட்டை படிக்கும். ஆள் என்ன சொல்ல வருகிறார் என்று ஊகித்து வாக்கியமாக்கும். அந்த வாக்கியத்தை முதலில் அவர் காதில் மட்டும் கிசுகிசுக்கும். வேண்டாம் என்றால் அவர் தொண்டையை இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உரக்கச் சொல்லிவிடும். இதற்கு முந்துரை என்று பெயர். எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. அது காத்தல் எண். பேச முடியாதவர்களுக்கு நான்கு விநாடி. பிறகு, பேசி முடிக்கிற சிரமம் மிச்சம் என்று மற்றவர்களும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அரை விநாடி.

அந்த நான்கை எழுதியவள் சுடர்க்கொடி. அதைப் பிறகு பார்ப்போம்.

பீளமேட்டில் பட்டைகளைப் பழுது பார்க்கும் மையத்தில் அவள் பணியில் இருந்தாள். அன்று உள்ளே நுழைந்ததும் அடுத்த மேசை மும்தாஜ் ஒரு பொட்டலத்தைத் தள்ளினாள்.

"உங்க அக்காவோடதுடி. மூணு வருஷச் சோதனைக்கு வந்திருக்கு. விதிப்படி நான்தான் பாக்கணும். எனக்கு இன்னிக்கு நாப்பது பட்டை கெடக்கு, நீயே பாத்துத் தொலை."

சுடர்க்கொடிக்கு ஒரே அக்கா, அங்காயி. ஐந்து வயது மூத்தவள். பிறந்ததிலிருந்து பெருமூளை வாதம். உடம்பு சொன்ன பேச்சுக் கேட்காது. மூளைக்கு ஒரு குறையும் இல்லை. சுடர்க்கொடியின் வீட்டுப்பாடத்தில் தப்பு கண்டுபிடித்தவள் அவள்தான். அம்மா செத்த பிறகு மூன்று வருடமாக வேடசந்தூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள்.

பட்டையைத் துடைத்துக் கணினியில் மாட்டினாள். ஒவ்வொரு பட்டையும் தான் கேட்டதையெல்லாம் வகை பிரித்து வைத்திருக்கும். பேச்சு, விழுங்கல், கொட்டாவி, இருமல். அங்காயியின் பட்டையில் இருமல் என்ற வரிசையில் நின்ற எண் 11,407.

"அடேயப்பா," என்றாள் எட்டிப்பார்த்த மும்தாஜ். "டிபி ஆஸ்பத்திரியில கூட இவ்ளோ இருமல் இருக்காதுடி."

இருமல் பற்றி சுடர்க்கொடிக்குத் தெரியும். பட்டை மாதாமாதம் காப்பகத்துக்கு உடல்நல அறிக்கை அனுப்பும். அதில் 'நாள்பட்ட இருமல்' என்று வரும். காப்பகத்தில் இருமல் மருந்து கொடுப்பார்கள். போதவில்லை என்று சுடர்க்கொடி கோயம்புத்தூரிலிருந்து நல்ல கம்பெனி மருந்தாகப் பார்த்து அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வியே, "இருமல் எப்படிக்கா இருக்கு?" என்பதுதான். அக்காவைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற நிம்மதிக்கு அந்த ஒரு கேள்வி அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு இருமலைத் திறந்து, தொண்டை அசைவைக் காட்டும் கோட்டைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். இருபதாவது வரை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

இருமல் ஆணி மாதிரி இருக்கும். சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். இவையெல்லாம் மேடு மேடாக இருந்தன. மெதுவாக ஏறி, உச்சியில் நின்று பிடித்து, மெதுவாக இறங்கின. ஒருத்தி பாடுபட்டுத் தொண்டையை இறுக்கினால் அப்படித்தான் கோடு விழும். ஒவ்வொன்றும் பட்டை காதில் கிசுகிசுத்த ஒன்பதாவது விநாடியில் விழுந்திருந்தது. பட்டையோ நான்காவது விநாடியிலேயே பேசி முடித்திருந்தது. தாமதமாக வந்த இறுக்கத்தை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. தொண்டை இறுகுகிறது, பேச்சும் இல்லை, அப்படியானால் இருமல்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சு." இருமல்.

"ஜன்னலைச் சாத்திடுங்க." இருமல்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்." இருமல்.

"பாப்பா நல்லா இருக்காளா? நான் நல்லா இருக்கேன்." இருமல். இருமல். இருமல்.

பாப்பா என்பது சுடர்க்கொடி. அக்கா அவளை அப்படித்தான் கூப்பிடுவாள்.

நான்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பா நூல் மில்லில் பஞ்சு சுமந்தவர். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. காத்தல் எண்ணை ஆய்ந்து சொல்லும்படி அவளிடம் கொடுத்தார்கள். அறுபது வீடுகளுக்குப் போனாள். பட்டை கட்டியவரைப் பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்து கேட்பவரைப் பார்த்தாள். கேட்பவர் கண் நான்காவது விநாடியில் கைபேசிக்கோ வாசலுக்கோ போய்விடுகிறது. அறுபது வீட்டிலும் அப்படித்தான். அறிக்கையில் 'நான்கு' என்று எழுதினாள். மறுக்க உங்களுக்கு எத்தனை விநாடி வேண்டும் என்று பட்டை கட்டியவர்களைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வர நேரமாகும்.

தலைமைப் பொறியாளர் வரதராஜனுக்கு அறிக்கை பிடித்துப்போனது. "மௌனம் சம்மதம்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? பொண்ணு பாக்கப் போற எடத்துல எத்தனை விநாடி காத்திருக்கோம்?" என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அங்கே இருந்த ஆறு பேரில் அப்பன் கைநாட்டு வைக்கிற வீட்டிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். சிரிக்காமல் இருக்கிற வசதி அவளுக்கு இல்லை. அந்த விதிக்குச் சம்மத விதி என்றே பெயர் வைத்தார்கள்.

அக்காவுக்கு ஒன்பது விநாடி ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். அங்காயிக்கு 'ம்' சுலபம். உதடு மூடியிருந்தாலே போதும், வந்துவிடும். மறுப்பதுதான் பெரும்பாடு. முதலில் இடது தோள் துள்ளும். பிறகு கழுத்து ஒரு பக்கம் திரும்பும். அப்புறம்தான் தொண்டை அவள் வசத்துக்கு வரும். தோள் துள்ளினாலே, மாட்டேன் வரப்போகிறது என்று சின்ன வயதில் சுடர்க்கொடிக்குத் தெரியும். "ஐயோ, அக்கா மாட்டேங்கப்போறா!" என்று கத்துவாள். அங்காயி சிரித்துவிடுவாள். சிரித்தால் மாட்டேன் கலைந்துபோகும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டையைக் கட்டிய முதல் நாள், "அம்மா, ரசம் நல்லா இருக்கு," என்று அக்கா குரலில் முழு வாக்கியம் வந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இருபத்தெட்டு வருடத்தில் மகள் சொன்ன முதல் முழு வாக்கியம். அங்காயிக்கு ரசம் ஆகாது. அது சுடர்க்கொடிக்குத் தெரியும். தன் அலுவலகக் கடவுச்சொல்லைப் போட்டு எண்ணை ஒன்பதாக்க அரை நிமிடம் போதும். அம்மாவின் அழுகையைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. பிறகு செய்துகொள்ளலாம் என்றிருந்தாள். அம்மா சாகும்வரை தினமும் ரசம் வைத்தாள்.

மதியம் வரதராஜன் அறைக்குப் போனாள். கோடுகளைக் காட்டினாள். பேச முடியாதவர்கள் கழுத்தில் மட்டும் அறுபதாயிரம் பட்டைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் இருமல் வரிசையைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் திரையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. ஏதோ கேட்பதற்கு வாயைத் திறந்தார்.

"நல்ல அவதானிப்பு. பரிசீலிக்கிறோம்," என்றது அவர் கழுத்துப் பட்டை.

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். ஒரு கணம் சங்கடமாகப் பார்த்தார். பிறகு, அதையே சொல்ல நினைத்தவர்போலத் தலையாட்டினார்.

வெளியே வந்தவளை மும்தாஜ் பிடித்துக்கொண்டாள். "என்னடி மூஞ்சி இப்படி? மிஷின் தப்புப் பண்ணிருக்கு. உனக்கெப்படித் தெரியும்? நீ என்ன பண்ணுவ?"

மும்தாஜுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதை யாரிடமும் சுடர்க்கொடி சொன்னதில்லை.

அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஒப்புதல் அதிகாரி வீட்டுக்கு வந்தார். காப்பகத்தில் சேர்வதற்கு அங்காயி தன் குரலில் சம்மதம் சொல்ல வேண்டும். சட்டம் அப்படி. பட்டைக் குரல் செல்லும் என்பதும் சட்டம். சுடர்க்கொடிக்குக் கோயம்புத்தூரில் பதவி உயர்வு வந்திருந்த நேரம். தங்குவதற்கு நாலாவது மாடியில் ஒற்றை அறை. லிப்ட் கிடையாது.

அதிகாரி கேட்டார். "அம்மா, காப்பகத்துக்குப் போறதுல உங்களுக்கு முழுச் சம்மதம்தானே?"

அங்காயியின் இடது தோள் துள்ளியது.

சுடர்க்கொடி பார்த்தாள். பக்கத்தில்தான் நின்றாள், நன்றாகவே பார்த்தாள். கழுத்து திரும்பத் தொடங்கியதையும் பார்த்தாள். கையை நீட்டிப் பட்டையை அணைத்திருக்கலாம். "கொஞ்சம் பொறுங்க சார்," என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சரி, சம்மதம்," என்றது பட்டை. "அவ வேலையைப் பாக்கட்டும். என்னால அவ கெடக்கூடாது."

"எவ்ளோ பெரிய மனசு!" என்று அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடியிருந்த சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். அங்காயி தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "தண்ணி குடும்மா, இருமுறா பாரு," என்றாள் ஓர் அத்தை. சுடர்க்கொடி தண்ணீர் கொடுத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். வட்டமான, முத்து முத்தான கையெழுத்து. படித்தவள் அல்லவா.

கோடுகளைப் பார்த்த மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மடியில் அக்காவின் பட்டை. காத்தல் எண்ணை ஒன்பது என்றுகூட வைக்கவில்லை. எல்லை இல்லை என்று வைத்திருந்தாள். பல்லடம், தாராபுரம் தாண்டி மூலனூர் வரும்வரை, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அக்கா, அன்னிக்கு உன் தோள் ஆடினதை நான் பாத்தேன். அவ்வளவுதான். ஏழே வார்த்தை.

காப்பக வாசலில் காப்பாளர் சகாயமேரி வரவேற்றார். "வாங்க சுடர்! நீங்க அனுப்புன மருந்து நல்லா வேலை செய்யுது. பட்டையக் கழட்டி அனுப்பினோமே, அன்னியிலிருந்து ஒரு இருமல் கெடையாது பாருங்க!"

சுடர்க்கொடிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் பட்டைக்குத் தெரிந்திருந்தது. "ரொம்ப நன்றிங்க சிஸ்டர்," என்றது.

அங்காயி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முன்பு இடுப்பு வரை இருக்கும். வெட்டட்டுமா என்று கேட்டிருப்பார்கள். பட்டை சரியென்று சொல்லியிருக்கும். ஜன்னல் மேடையில் மூன்று மருந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. தங்கையைக் கண்டதும் அங்காயியின் முகம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் சுடர்க்கொடி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"சாரிக்கா, வேலை ஜாஸ்தி. அதான் வர முடியல. இருமல் எப்படி இருக்கு?"

அவளுடைய பட்டை. அரை விநாடி. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்து, 'அக்கா' என்று தொடங்கினால் அவள் எதைச் சொல்வாள் என்று அது மிகச் சரியாக ஊகித்திருந்தது.

அங்காயியின் சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

சுடர்க்கொடி பட்டையை வெடுக்கென்று கழற்றி மருந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கழுத்து வெறுமையாக, அம்மணமாக இருந்தது. மறுபடி வாயைத் திறந்தாள். வரவில்லை. வாக்கியத்தைத் தானாகத் தொடங்கித் தானாக முடித்து எத்தனை காலமாயிற்று! "அக்கா, அன்னிக்கு... அந்த ஆபீசர் வந்தப்ப... நீ... உன் தோளு..." நாக்கு குழறியது. பாதியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். வியர்த்துவிட்டது.

அங்காயி காத்திருந்தாள். அவள் கண் ஜன்னலுக்கோ வாசலுக்கோ போகவில்லை. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ, தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் தோளு ஆடினதை நான் பாத்தேன்க்கா. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மிஷின் மேல தப்பில்ல. நான்தான்."

சொல்லிவிட்டாள். மடியில் கிடந்த அக்காவின் பட்டையை எடுத்துக் காட்டினாள். "இனிமே இது பொறுக்கும். எவ்ளோ நேரம் வேணாலும் பொறுக்கும். கட்டிவிடவா?"

தோள் துள்ளியது. கழுத்து திரும்பியது. சுடர்க்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்பதாவது விநாடியில் சொல் வந்தது, பட்டை இல்லாத, கரகரத்த, சொந்தக் குரலில்.

"வே... ணாம்."

பிறகு இன்னொன்று சொல்லத் தொடங்கினாள். அதற்கு அரை நிமிடம் ஆனது. கண் மருந்து பாட்டில் பக்கம் போனது. "மரு... ந்து... கச... ப்புடி... நாயே."

சுடர்க்கொடி சிரித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. அங்காயியும் சிரித்தாள். ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டு இன்னொரு சொல்லைத் தூக்கினாள். கனமான சொல் போலிருக்கிறது. உடம்பு முழுக்க அதற்கு உழைத்தது.

"தெரி... யும். நீ... பாத்த. நான்... உன்னப்... பாத்தேன்."

அன்றைக்கு அவள் தங்கையைப் பார்த்துக்கொண்டேதான் மறுக்கத் தொடங்கியிருக்கிறாள். பட்டையை நம்பியல்ல. பக்கத்தில் நிற்கிறவள் கத்துவாள், 'ஐயோ, அக்கா மாட்டேங்கப்போறா' என்று கத்துவாள் என்று நம்பி.

சுடர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். இதற்கு மேல் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். நாலாவது மாடி, ஒற்றை அறை, லிப்ட் இல்லை. எல்லாம் தெரிந்துதான் கேட்டாள்.

"என்கூட வந்துடறியாக்கா? கோயம்புத்தூருக்கு?"

தோள் துள்ளியது. சுடர்க்கொடி எண்ணிக்கொண்டே இருந்தாள். எட்டு. ஒன்பது. பத்து.

"மா... ட்டேன்."

இப்படியும் ஒரு சொல்லா என்றிருந்தது. மூன்று வருடம் கழித்து வந்த மாட்டேன். யாரும் முந்தாத மாட்டேன். அதைக் கேட்டதும் சுடர்க்கொடியின் மார்பில் ஒன்று இளகியது. நிம்மதி. அது வந்து சேர நான்கு விநாடிகூட ஆகவில்லை. ஏன் மாட்டாய் என்று கேட்டிருக்கலாம். கோபமா, மாடிப்படியா, தங்கைக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்பதா என்று கேட்டிருக்கலாம். பொறுத்தால் பதிலும் வந்திருக்கும்.

"சரிக்கா," என்றாள். பட்டை ஜன்னல் மேடையில் கிடந்தது. அதைச் சொன்னது அவள்தான். "அப்ப இங்கேயே இருந்துக்கிறியா?"

அங்காயியின் இடது தோள் துள்ளியது.

ஒன்று. இரண்டு. கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது. மூன்று.

நான்காவது விநாடியில் சுடர்க்கொடியின் கண், அவளைக் கேட்காமலே, மடியில் கிடந்த கைபேசிக்குப் போய்விட்டது. நாலு இருபதுக்குப் பஸ்.

சட்டென்று நிமிர்ந்தாள். அங்காயி அவளுடைய கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் தணிந்தது. கழுத்து நேரானது. முகத்தில் கோபம்கூட இல்லை.

"ம்," என்றாள் அங்காயி.